"நீலம் வரலை மேம்!" - கெமிஸ்ட்ரி லேபில் ஒரு மதியம்

மதியம் 1.20 மணி. காவிரி டெல்டாவில் இருக்கும் அந்த அரசு கலைக் கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். வேப்பமரத்தைத் தாண்டியதும் ஒரு நெடி வரும். கொஞ்சம் ஸ்பிரிட், கொஞ்சம் கேஸ், கொஞ்சம் அழுகிய முட்டை. எந்த ஊராக இருந்தாலும், கல்லூரியில் அறிவியல் படித்த எவருக்கும் இந்த வாசனை தெரியும். கெமிஸ்ட்ரி லேப்!

வராண்டாவில் 30 பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோரும் விலங்கியல் முதலாம் ஆண்டு. வேதியியல் அவர்களுக்குத் துணைப்பாடம்தான். 'அலைடு' என்று சொல்வார்கள். வெள்ளை கோட், பின் குத்திய துப்பட்டா, இறுக்கிக் கட்டிய தலைமுடி, கையில் ஓர் அப்சர்வேஷன் நோட்டு. இதில் ஒன்று குறைந்தாலும் வாசலைத் தாண்ட முடியாது. ஸ்லிப்பர் போட்டு வந்த ஒரு மாணவர் திருப்பி அனுப்பப்படுகிறார். ஐந்தே நிமிடத்தில் நண்பனின் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். அளவு பெரிது. 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கிறது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்குமே வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது. பல்கலைக்கழக பிராக்டிகல் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான்.

அட்டெண்டர் அண்ணன் சாவியோடு வருகிறார். கதவு திறக்கிறது. வாருங்கள், நாமும் உள்ளே போகலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

உயரமான கூரை, நீளமான கம்பியில் தொங்கும் மின்விசிறிகள். பர்னர் எரியும்போது அவற்றை நிறுத்திவிடுவார்கள். அதனால் மார்ச் மாத மதியத்தில் இந்த அறை சமையற்கட்டைவிடச் சூடாக இருக்கும். நடுவில் நீள நீளமான மேசைகள். ஆசிட் பட்டுப் பட்டு மேல்பலகை தேசப்படம்போலத் திட்டுத்திட்டாக இருக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தொட்டி, ஒரு குழாய், இரண்டு பர்னர்கள். நடு அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. காலி இடத்தில் புட்டியை மாற்றி வைத்தால் அட்டெண்டர் அண்ணனுக்குக் கோபம் வரும். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் இன்ன புட்டி இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் அதே சட்டம்தானே!

மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. மேலே புகைபோக்கி. நெடி அடிக்கும் சோதனைகளையெல்லாம் அதற்குள்தான் செய்ய வேண்டும். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்பு வாளிகளில் மணல். அதன் மேலே சுவரில் முதலுதவிப் பெட்டி.

முதல் செமஸ்டரில் இந்த மாணவர்களுக்கு இங்கே இருந்த வேலை வேறு. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு, நிறம் மாறும் நொடியைப் பிடிப்பது. ஒரு சொட்டு கூடினாலும் இளஞ்சிவப்பு அடர்சிவப்பாகிவிடும். அதில் ஒரு வசதி இருந்தது. பதில் என்பது ஓர் எண். பக்கத்து மேசைக்காரருக்கு என்ன ரீடிங் வந்தது என்று ஓரக்கண்ணால் பார்த்து, தன்னுடையதையும் அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடலாம். மூன்று முறை அளக்கச் சொன்னால் ஒரு முறை அளந்துவிட்டு, மீதி இரண்டையும் அதே எண்ணாக எழுதிவிடலாம். எல்லாக் கல்லூரியிலும் நடக்கிற கதைதான் இது.

இரண்டாம் செமஸ்டரில் அந்த வசதி போய்விடுகிறது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பொட்டலமோ குப்பியோ வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மேலே ஓர் எண் மட்டும் இருக்கும். முகர்ந்து, கரைத்து, எரித்து, உருக்கி, அது என்ன சேர்மம் என்று மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. அவரிடம் இருப்பது வேறு.

ஏழாம் மேசை

ஏழாம் மேசையில் நிற்கும் மாணவி, தினமும் இரண்டு டவுன் பஸ் மாறி வருகிறார். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து என்பதால் டிக்கெட் செலவு கிடையாது. போட்டிருக்கும் வெள்ளை கோட், புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாயில் வாங்கியது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். டிகிரி முடித்ததும் மெடிக்கல் லேப் டெக்னாலஜி படித்து, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

இன்று அவருக்குக் கிடைத்திருப்பது வெள்ளைப் படிகங்கள். வாசனை இல்லை. கொஞ்சம் எடுத்து டெஸ்ட் டியூபில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்குகிறார். கரைந்துவிட்டது. டியூபைப் பிடித்திருந்த விரல்கள் ஒரு நொடி நிற்கின்றன. கண்ணாடி சில்லென்று ஆகியிருக்கிறது.

அந்தக் குளிர்ச்சி அவருக்குப் புதிதல்ல. வயலுக்குத் தெளிப்பதற்காக அப்பா வாளித் தண்ணீரில் யூரியாவைக் கரைக்கும்போது, வாளியின் வெளிப்பக்கம் இப்படித்தான் குளிர்ந்து போகும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து விளையாடியிருக்கிறார். யூரியா நீரில் கரையும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் காரணம். கடையில் வாங்கும் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள். அதனால் கொஞ்சம் பழுப்பாக இருக்கும். லேபில் இருப்பது சுத்தமான வெள்ளை. பார்வைக்கு வேறாகத் தெரிந்தாலும் கைக்குத் தெரிந்துவிட்டது.

"யூரியாதான்டி!" என்று பக்கத்து மேசைத் தோழியிடம் கிசுகிசுக்கிறார்.

"அப்புறம் என்ன? எழுதிட்டுக் கிளம்பு!"

ஆனால், விடையை மட்டும் எழுதிவிட்டுக் கிளம்ப முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் நோட்டில் மூன்று கட்டங்கள்: என்ன செய்தேன், என்ன பார்த்தேன், அதிலிருந்து என்ன தெரிகிறது. முதல் சோதனையிலிருந்து கடைசிச் சோதனை வரை மூன்றையும் நிரப்ப வேண்டும்.

மண்ணெண்ணெய்க்குள் ஓர் உலோகம்

கரிமச் சேர்மங்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் எல்லோரும் பயந்துகொண்டே காத்திருப்பது ஒரு சோதனைக்காக. லாசைன் சோதனை. பொருளில் நைட்ரஜன், சல்ஃபர், ஹாலோஜன் இருக்கிறதா என்று சொல்லும் சோதனை இது. இதற்கு சோடியம் உலோகம் வேண்டும்.

சோடியம் புட்டி மாணவர்கள் கைக்கு வராது. அட்டெண்டர் அண்ணன்தான் எடுப்பார். மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் கட்டியை இடுக்கியால் எடுத்து, கத்தியால் நறுக்குகிறார். ஃபிரிட்ஜில் வைத்த வெண்ணெயை நறுக்குவதுபோல இறங்குகிறது கத்தி. வெட்டிய இடம் வெள்ளிபோலப் பளபளக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடுகிறது. காற்று பட்டாலே இப்படி. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். பட்டாணியைவிடச் சின்னத் துண்டை வடிதாளில் ஒற்றிக் கொடுக்கிறார்.

"கை ஈரமா இருந்தா முதல்ல தொடைச்சுக்கம்மா. அப்புறம் வாங்கு."

சின்னக் கண்ணாடிக் குழலில் சோடியம், அதோடு கொஞ்சம் யூரியா. பர்னரில் காட்டிச் செக்கச் சிவக்கப் பழுக்க வைத்து, பீங்கான் கிண்ணத்தில் இருக்கும் காய்ச்சி வடித்த நீரில் அப்படியே இறக்க வேண்டும். 'டப்' என்று குழல் உடையும். லேப் முழுக்க அந்த 'டப்', 'டப்' சத்தம்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் யாராவது ஒருவர் திடுக்கிடுகிறார். கிண்ணத்தில் இருப்பதைக் கொதிக்க வைத்து வடிகட்டினால் தெளிந்த நீர் கிடைக்கும். அதில் ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியதும் நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட் விட வேண்டும். நைட்ரஜன் இருந்தால் பேனா மை போன்ற அழகான நீலம் வரும். பிரஷ்யன் புளூ.

ஏழாம் மேசையில் முதலில் பச்சையும் பழுப்பும் கலந்து சேறுபோல ஏதோ வந்தது. ஆசிட் விட்டதும் அதுவும் கரைந்து வெளிர் மஞ்சளாகிவிட்டது. டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பார்க்கிறார். நீலம் இல்லை.

இப்போது என்ன எழுதுவது?

கையில் இருப்பது யூரியா என்று அவருக்குத் தெரியும். யூரியா மூட்டையின் மேலேயே 46 சதவிகிதம் நைட்ரஜன் என்று அச்சிட்டிருக்கும். வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்த 45 கிலோ மூட்டையில் அதை எத்தனையோ முறை படித்திருக்கிறார். 'நீல நிறம் தோன்றியது, நைட்ரஜன் உள்ளது' என்று எழுதினால் விடை சரி. யாரும் டியூபை எடுத்துப் பார்க்கப்போவதில்லை. மணி மூன்றாகிவிட்டது. நாலரைக்கு பஸ். அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

புட்டிக்குள் ஒரு பழைய கதை

அவர் யோசிக்கட்டும். அதற்குள் அவருக்கு எதிரே இருக்கும் அலமாரியைப் பார்த்துவிடலாம். அந்தப் புட்டிகளைப் பிடித்துக்கொண்டே போனால் ஜெர்மனியின் கீஸன் நகரத்துக்குப் போய்ச் சேரலாம்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வடக்கே ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். லான் நதிக்கரையில் இருக்கும் சின்ன நகரம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தூண் வைத்த முகப்போடு ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் ராணுவக் குடியிருப்பின் காவல் கட்டடம். 1824-ல் யுஸ்டுஸ் லீபிக் என்ற 21 வயது இளைஞர் அங்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். பேராசிரியர் மேடையில் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பதுதான் அப்போது பெரும்பாலான இடங்களில் வேதியியல் படிப்பு. லீபிக் மாணவர்களின் கையில் பொருளைக் கொடுத்தார். 'இது என்னவென்று நீயே கண்டுபிடி' என்றார். உலகின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் தேடி வந்தார்கள். அவர்கள் திரும்பிப் போய்த் தங்கள் ஊர்களில் அதே மாதிரி ஆய்வகங்களைத் தொடங்கினார்கள். இன்று நம் ஊர்க் கல்லூரிகளில் மதிய நேரத்து லேப் வகுப்பு நடக்கிறதென்றால் அதன் வேர் அந்தக் காவல் கட்டடத்தில் இருக்கிறது. 1920 முதல் அது அருங்காட்சியகம். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே இப்போது லீபிக்கின் பெயர்தான்.

ஏழாம் மேசை அலமாரியில் இருக்கும் ஃபெலிங் கரைசலுக்குப் பெயர் தந்த ஹெர்மான் ஃபெலிங், லீபிக்கிடம் படித்தவர். சர்க்கரை இருந்தால் நீலத்தைச் செங்கல் சிவப்பாக மாற்றும் கரைசல் அது. அதே வழியில் வந்த பெனடிக்ட் கரைசலைக் கொண்டுதான் வெகுகாலம் ஆஸ்பத்திரிகளில் சிறுநீரில் சர்க்கரை பார்த்தார்கள்.

பக்கத்திலேயே செம்மஞ்சள் நிறத்தில் புரோமின் நீர். அதற்குள் இருக்கும் கதைதான் இந்த மதியத்துக்கு வேண்டிய கதை. க்ரொய்ட்ஸ்நாக் என்ற ஊரின் உப்பு நீரூற்றிலிருந்து எடுத்த செம்பழுப்புத் திரவம் ஒன்றை லீபிக்கிடம் அனுப்பி, என்னவென்று கேட்டார்கள். அவர் பார்த்தார். தனக்கு ஏற்கெனவே தெரிந்த அயோடின் குளோரைடாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து வைத்துவிட்டார். 1826-ல் பிரான்ஸில் பலார் என்ற இளைஞர், கடல்நீரில் உப்பெடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரிலிருந்து புரோமின் என்ற புதிய தனிமத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். லீபிக் திரும்ப வந்து தன் புட்டியைப் பார்த்தார். அதே பொருள்! கையில் இருந்ததை, தெரிந்த ஒன்றாக நினைத்ததால் தவறவிட்டிருந்தார். அந்தப் புட்டியைத் 'தவறுகளின் அலமாரி' என்று தனியாக ஒதுக்கிய அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவார் என்று சொல்வார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. லீபிக்கின் நெருங்கிய நண்பர் ஃபிரீட்ரிஷ் வோலர். பெர்லினில் அமோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்க முயன்றார். வெள்ளைப் படிகங்கள் கிடைத்தன. ஆனால், சோதித்தால் அவை சயனேட் போல நடந்துகொள்ளவில்லை. 'எதிர்பார்த்தது வந்துவிட்டது' என்று அவர் மூடி வைக்கவில்லை. ஏன் வரவில்லை என்று தேடினார். உயிர்களின் உடலில் மட்டுமே உண்டாகும் என்று அதுவரை நினைத்திருந்த ஒரு பொருள் அது என்று தெரிந்தது. 1828-ல் அதை உலகுக்குச் சொன்னார்.

அந்தப் பொருள் யூரியா! ஏழாம் மேசையில் இருக்கும் அதே வெள்ளைப் படிகம்.

"நீலம் வரலை மேம்"

நோட்டில் எழுதியாகிவிட்டது. 'பார்த்தது' கட்டத்தில்: நீல நிறம் தோன்றவில்லை. 'தெரிவது' கட்டத்தில்: நைட்ரஜன் இல்லை. எழுதும்போதே முகம் வாடியிருந்தது. பேராசிரியர் மேசை மேசையாக வருகிறார்.

"நீலம் வரலை மேம்."

பேராசிரியர் நோட்டைப் பார்க்கிறார். டியூபை வாங்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். "உனக்கு எது மாதிரி தோணுது?"

"யூரியா மாதிரி இருக்கு மேம். தண்ணியில போட்டதும் டியூப் சில்லுனு ஆச்சு. ஆனா நைட்ரஜன் வரலை."

"யூரியான்னு நெனச்சும் ஏன் வந்துச்சுன்னு எழுதலை?"

மாணவிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வரலையே மேம்" என்கிறார்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். திட்டு விழும் என்று திரும்பிப் பார்த்த பக்கத்து மேசைகளும் மூச்சு விட்டன.

"வந்துச்சுன்னு எழுதியிருந்தா நானும் டிக் போட்டுட்டுப் போயிருப்பேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு உனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. பொருளை எப்போ போட்டே?"

"சோடியத்தோட சேர்த்தே போட்டேன் மேம்."

தவறு அங்கேதான் இருந்தது. யூரியா சுமார் 133 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். மேலும் சூடானால் அமோனியாவாகச் சிதைந்து வெளியே போய்விடும். சோடியம் உருகி அதைப் பிடித்துக்கொள்வதற்குள் நைட்ரஜனில் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். முதலில் சோடியத்தை உருக்கிப் பளபளக்கும் உருண்டையாக்க வேண்டும். அதன் மேல் பொருளைப் போட்டு, மெதுவாகச் சூடேற்ற ஆரம்பித்து, பிறகுதான் பழுக்க வைக்க வேண்டும்.

"திரும்பச் செய். நேரம் இருக்கு."

அட்டெண்டர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே புட்டியைத் திறக்கிறார். "ஒருத்தருக்கு ஒரு துண்டுதான் கணக்கு" என்கிறார். ஆனாலும் கொஞ்சம் பெரிய துண்டாகத்தான் நறுக்கிக் கொடுக்கிறார்.

மீண்டும் பர்னர், மீண்டும் 'டப்', மீண்டும் வடிதாள். பக்கத்து மேசைத் தோழி தன் வேலையை முடித்துவிட்டுக் கூடவே நிற்கிறார். கடைசியாக ஆசிட் சொட்டு விழுகிறது. பச்சைச் சேறு கரைகிறது. அதற்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல நீலம். டியூப் முழுக்க நீலம்.

அடுத்த சோதனை சுலபமாக முடிகிறது. காய்ந்த டியூபில் பொருளைச் சூடாக்கினால் உருகிக் குமிழியிட்டு, மாட்டுக்கொட்டகையை நினைவூட்டும் அமோனியா நெடி. மிச்சம் இறுகியதும் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, ஒரு சொட்டு காப்பர் சல்ஃபேட். அழகான ஊதா. பையூரெட் சோதனை. யூரியா என்று இப்போது நோட்டே சொல்கிறது.

'நீல நிறம் தோன்றவில்லை' என்ற பழைய வரியை அடிக்க மாணவி பேனாவை எடுக்கிறார். பேராசிரியர் தடுக்கிறார். "அது இருக்கட்டும். கீழே 'மறுமுறை'ன்னு போட்டு இதை எழுது. எதனால முதல்ல வரலைன்னும் ஒரு வரி எழுது."

ஒரு லேப் ரிப்போர்ட்டின் விலை

பிராக்டிகல் தேர்வில் இதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. மூன்று மணி நேரத்தில் விடை சரியாக வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது முறை செய்து பார்க்க நேரமும் இருக்காது. அதனால்தான் சரியான விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி 'பார்த்தது' கட்டத்தை நிரப்பும் பழக்கம் வருகிறது. ரெக்கார்ட் நோட்டை சீனியரிடம் வாங்கி இரவோடு இரவாக எழுதுவதும் அப்படி வந்ததுதான். கொரோனா காலத்தில் படித்த பேட்ச்சுகளில் பலர் இந்தச் சோதனைகளை மொபைல் திரையில் பார்த்தே முடித்தார்கள். வீடியோவில் நீலம் எப்போதுமே முதல் முறையிலேயே வந்துவிடும்.

ஆனால், இந்த மாணவி சில வருடங்களில் ஒரு பரிசோதனை நிலையத்தில் உட்காரப்போகிறவர். யாருடைய ரத்தமோ அவர் கைக்கு வரும். போன மாதம் இவ்வளவு இருந்தது, இந்த மாதமும் அவ்வளவுதான் இருக்கும் என்று தோன்றலாம். மெஷின் வேறு எண்ணைக் காட்டலாம். அப்போது எதை எழுதுவது என்பது ஒரு குடும்பத்தின் பிரச்னை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட்டை வாங்கிவரும் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மணி 4.25. டியூப்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. பர்னர்கள் அணைக்கப்பட்டு, மின்விசிறிகள் சுற்ற ஆரம்பிக்கின்றன. அட்டெண்டர் அண்ணன் ஒவ்வொரு மேசையாகப் போய்ப் புட்டிகளை எண்ணுகிறார். ஏழாம் மேசையில் புரோமின் நீர்ப் புட்டி ஓர் இடம் தள்ளி இருக்கிறது. திட்டிக்கொண்டே சரியாக வைக்கிறார்.

நாலரை மணி பஸ் போய்விட்டது. ஆறு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் இரண்டு தோழிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் போனில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

"லேட்டாகும்பா. இன்னைக்கு லேப்ல யூரியா குடுத்தாங்க... இல்லப்பா, வயலுக்கு இல்ல. அதுக்குள்ள நைட்ரஜன் இருக்கான்னு பாக்கணும்... மூட்டையிலேயே போட்டிருக்குன்னு எனக்கும் தெரியும்பா. ஆனா நான் பாத்தேன்ல!"